கையுறை மாட்டிக்கிட்டு ஐக்மன பிடிச்ச பீட்டர் மால்கின்

கேள்வி இதுதான்: சின்ன வயசுல சொந்தத்த பறிகொடுத்த ஒரு பையன் வளந்து கவர்மெண்ட் ஏஜெண்ட் ஆகி, அந்த வலியே துரத்த குற்றவாளிங்கள தேடிப் பிடிக்கிறான்னு கதைல அடிக்கடி வருதே, நிஜத்துல அப்படி யாராவது இருந்திருக்காங்களா, இருந்தா அவங்க எப்படி நடந்துக்கிட்டாங்க?

இருந்திருக்காங்க. எனக்கு இதுல முதல்ல ஞாபகம் வர்றது இஸ்ரேல் உளவுத்துறை ஏஜெண்ட் பீட்டர் மால்கின். 1960 மே 11 ராத்திரி அர்ஜென்டினாவுல ப்யூனஸ் ஐரிஸ் ஓரமா இருக்குற கரிபால்டி தெருவுல ஒளிஞ்சு வாழ்ந்துக்கிட்டிருந்த நாஜி அதிகாரி அடோல்ஃப் ஐக்மன் மேல முதல் கை வச்சவரு இவருதான். ரொம்ப வருஷமா இந்த விஷயத்த தேடித் தேடிப் படிச்சுட்டு வர்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. பொதுவா எந்த நாட்டுலயும் தன் குடும்பம் சம்பந்தப்பட்ட கேஸ ஒரு அதிகாரி கையில கொடுக்கக் கூடாதும்பாங்க, கொடுத்தா கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்ததுமே அதத்தான் கேப்பாரு. ஆனா 1950கள்ல இஸ்ரேல்ல ஐரோப்பாலேந்து வந்த எந்த போலீஸ்காரர எடுத்தாலும், எந்த உளவுத்துறை ஆள எடுத்தாலும், பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ தங்கச்சியோ நாஜிங்க கையில செத்திருப்பாங்க. இழப்பே இல்லாத ஆள் தான் வேணும்னு தேடியிருந்தா டீமே சேந்திருக்காது. அதனால அங்க நெஜமாவே எழுந்த கேள்வி என்னன்னா, இத்தன வலிய சுமந்துக்கிட்டு இருக்குற ஒருத்தன் கையில அந்தக் கொலைகாரன் கிடைச்சா அவன் கழுத்த நெரிக்காம இருப்பானா?

மால்கின் 1927ல பொறந்தவரு. குடும்பம் போலந்துல லுப்ளின் பக்கம் ஸோல்கியெவ்கான்னு ஒரு சின்ன ஊரு. 1930கள்ல யூதங்க மேல வெறுப்பு ஏறிக்கிட்டே போக, அப்பா அம்மா பையன்கள கூட்டிக்கிட்டு பாலஸ்தீனத்துக்கு கிளம்பிட்டாங்க. அக்கா ஃப்ரூமா மட்டும் அங்கயே தங்கிட்டாங்க, கல்யாணமாகி மூணு கொழந்தைங்க இருந்தாங்க. அந்தக் கொழந்தைங்கள்ல ஒரு பையன் தான் மால்கினுக்கு கூட்டாளி, மாமாவும் மருமகனும்னாலும் சேந்து விளையாடுற வயசு. போர் முடிஞ்சப்ப ஃப்ரூமாவும் இல்ல, அந்த மூணு கொழந்தைங்களும் இல்ல, சொந்தபந்தத்துல நூத்தம்பது பேர் வரைக்கும் போயிட்டாங்க.

இவரு கண்ணு முன்னாடி எதுவும் நடக்கல. நம்ம சினிமா ஃபிளாஷ்பேக்ல பையன் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு வில்லன் மூஞ்சிய மனசுல பதிச்சுக்குவான் இல்லையா, அந்த மாதிரி ஒண்ணுமே இல்ல. கடல் தாண்டி ஒரு வெயில் ஊர்ல இவரு வளந்துக்கிட்டு இருக்காரு, அங்க அக்கா குடும்பமே காணாமப் போகுது. அழறதுக்கு ஒரு உடம்பு கூட கிடையாது, இவன் தான் பண்ணான்னு காட்டறதுக்கு ஒரு மூஞ்சியும் கிடையாது. இந்த மாதிரி இழப்புக்கு ஒரு தனி கனம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

பன்னெண்டு வயசுலயே ஹகானாங்கற யூத ரகசியப் படைல சேத்துக்கிட்டாங்க, வெடிகுண்டு வேலை கத்துக்கிட்டாரு. 1950ல ஷின் பெத்ல சேந்தாரு, அது இஸ்ரேலோட உள்நாட்டு பாதுகாப்பு அமைப்பு, அமெரிக்காவுல எஃப்.பி.ஐ பாக்குற வேலைல ஒற்றர் பிடிக்கிற பாகத்த பாக்குற இடம்னு வச்சுக்கோங்க. வெடிகுண்டு, பூட்டு, மாறுவேஷம், கைச்சண்டை இதுல எல்லாம் கெட்டிக்காரரு. கூடவே படம் வரைவாரு, அது பின்னாடி முக்கியமா வரும்.

இப்ப ஐக்மன் யாருன்னு சுருக்கமா. நாஜி ஜெர்மனில பாதுகாப்புத் தலைமை அலுவலகத்துல ஃபோர் பி ஃபோர்னு ஒரு செக்ஷன், யூதங்க விவகாரம் அவன் மேஜைல. யார எந்த ஊர்லேந்து எந்த ரயில்ல ஏத்தி எங்க அனுப்பணும்ங்கற ஏற்பாடு அவன் வேலை. 1944ல ஹங்கேரில மட்டும் எட்டு வாரத்துல நாலு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல ரயிலேத்தினாங்க, பெரும்பாலும் போலந்துல இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. போருக்கப்புறம் பேர மாத்தி ஒளிஞ்சு திரிஞ்சு, 1950ல ரிக்கார்டோ க்ளெமெண்ட்ங்கற பேர்ல அர்ஜென்டினா போய் சேந்துட்டான்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. ஃப்ரூமா இருந்த லுப்ளின் பகுதில யூதங்கள அழிச்சது ஆபரேஷன் ரைன்ஹார்ட்ங்கற தனி ஏற்பாடு, அத நடத்தினவன் ஓடிலோ குளோபோச்னிக். ஐக்மனோட ஆஃபீஸுக்கு அந்தப் பகுதில நேரடி அதிகாரம் ரொம்பக் கம்மி, அவன் கை நீண்டது ஜெர்மனி, ஃபிரான்ஸ், ஹாலந்து, ஸ்லோவாக்கியா, கிரீஸ், ஹங்கேரி பக்கம் தான். குளோபோச்னிக் 1945 மே மாசம் பிரிட்டிஷ் படை கையில சிக்கினதும் விஷம் கடிச்சு செத்துட்டான். கணக்குப் பாத்தா மால்கின் அக்காவ கொன்ன ஏற்பாட்டுக்கு நேரடியா பொறுப்பான பெரிய ஆளு பதினஞ்சு வருஷம் முன்னாடியே தப்பிச்சுப் போயிட்டான், உயிரோட கிடைச்சவன் ஐக்மன். மூஞ்சியே இல்லாம இருந்த அந்த இழப்புக்கு கடைசில அவன் மூஞ்சி தான் வாய்ச்சுது.

ஐக்மன் அங்க இருக்கான்னு துப்பு கொடுத்தவரு லோதார் ஹெர்மன்னு ஒருத்தர், டாஹவ்ங்கற நாஜி கேம்ப்ல அடைபட்டிருந்தவரு, அர்ஜென்டினாவுக்கு வந்து குடியேறினவரு, கண்ணு தெரியாது. அவரோட பொண்ணு கூட ஐக்மனோட மூத்த பையன் பழகினான், அவன் பேச்சுல ஐக்மன்ங்கற பேரும் நாஜிப் பெருமையும் வெளிய வந்துருச்சு. ஹெர்மன் கடுதாசி ஜெர்மனில ஹெஸ்ஸ மாநில அட்டர்னி ஜெனரல் ஃப்ரிட்ஸ் பாவர்கிட்ட போச்சு. பாவரும் யூதர் தான், 1933லயே நாஜிங்க அவர கேம்ப்ல அடைச்சாங்க. சொந்த நாட்டு அதிகாரிங்ககிட்ட சொன்னா ஐக்மன் காதுக்குப் போயிடும்னு பயந்து நேரா இஸ்ரேலுக்கு சொன்னாரு. மொசாத்ங்கற இஸ்ரேல் வெளிநாட்டு உளவு அமைப்போட ஆளு ஒருத்தன் போய் ஹெர்மன் சொன்ன வீட்ட பாத்தான், சின்ன வீடு, ஏழைங்க இருக்குற இடம், இத்தன கொள்ளையடிச்ச நாஜி இங்கயா இருப்பான்னு விட்டுட்டாங்க. ரெண்டு வருஷம் வீணாப் போச்சு. பாவர் திரும்பத் திரும்ப நச்சரிச்சதால தான் 1960 தொடக்கத்துல ஸ்வி அஹரோனிங்கற விசாரணை அதிகாரிய அனுப்பினாங்க, அவர் தான் கரிபால்டி தெருவுல கரண்ட் கூட இல்லாத ஒரு செங்கல் வீட்ட கண்டுபிடிச்சாரு. மார்ச் 21ஆம் தேதி ஐக்மன் கையில பூங்கொத்தோட வீட்டுக்கு வந்தான், அன்னைக்கு ஐக்மன் தம்பதியோட இருபத்தஞ்சாவது கல்யாண நாள்னு ஃபைல்ல இருந்துச்சு. க்ளெமெண்ட் தான் ஐக்மன்னு அவங்களுக்கு உறுதியாச்சு.

டீமுக்கு களத்துல தலைமை ரஃபி ஐத்தான், மேல மொசாத் தலைவர் இஸர் ஹரேல், அவரும் ஊர்ல வந்து உக்காந்துட்டாரு. கண்டிப்பான உத்தரவு: உயிரோட, காயமில்லாம கொண்டு வரணும், கோர்ட்ல நிறுத்தணும். அதே டீம்ல மோஷே தவோர்னு ஒருத்தர் இருந்தாரு, போர் முடிஞ்ச கையோட ஐரோப்பாவுல எஸ்.எஸ்ங்கற நாஜிப் படை ஆளுங்கள தேடிப் போய் கொன்ன, பிரிட்டிஷ் ராணுவத்தோட யூதப் பிரிகேட் ஆளுங்கள்ல ஒருத்தர். பழிய ஒரு தடவை கையால தீத்துப் பாத்த அவரும் இந்த தடவை அதே உத்தரவுக்குத் தான் கட்டுப்பட்டாரு.

ஆளப் பிடிக்கிறது மால்கின் பொறுப்பு. இதுக்காக அவரு ஒரு ஜோடி கையுறை வாங்கினாரு, உள்ள மென்மயிர் வச்சது. மே மாசம் அங்க குளிர்காலம் ஆரம்பிக்கிற நேரம், அதனால கையுறை போட்டா யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா அவரே பின்னாடி சொன்ன காரணம் வேற. அத்தன சாவுக்கு உத்தரவு போட்ட அந்த வாயைப் பொத்தணும், அந்த மூச்சுக்காத்தும் எச்சிலும் தன் வெறுங்கையில படும்ங்கற நினைப்பையே அவரால தாங்க முடியல. எனக்கு இந்த முழுக் கதைலயும் மனசுல நிக்கிறது இந்தக் கையுறை தான். துப்பாக்கி எடுத்துட்டுப் போகணும்னு தோணல, தன் தோலுக்கும் அவன் தோலுக்கும் நடுவுல ஒரு துணி இருந்தா போதும்னு தோணியிருக்கு.

ஐக்மன் மெர்சிடிஸ் பென்ஸ் ஃபேக்டரில வேலை பாத்தான், தெனமும் ஏழு நாப்பது வாக்குல பஸ்லேந்து இறங்கி இருட்டுல வீட்டுக்கு நடப்பான். அன்னைக்கு அந்த பஸ்ல வரல. ரெண்டு கார், ஒண்ணு ரிப்பேர் மாதிரி பானட்ட திறந்து வச்சு நிக்குது, நேரம் ஆக ஆக கிளம்பிடலாமான்னு பேச்சு வந்துருச்சு. எட்டு மணி தாண்டி இன்னொரு பஸ் வந்துச்சு, அதுல இறங்கினான். ஒரு கைய பாக்கெட்டுக்குள்ள விட்டிருந்தான், துப்பாக்கி இருக்கலாம்னு அஹரோனி கார்லேந்து மெதுவா எச்சரிச்சாரு. அதனால மால்கின் போட்டு வச்சிருந்த கணக்கே மாறிப் போச்சு, கழுத்தப் பிடிக்காம கையப் பிடிக்க வேண்டியதாச்சு. எதிர்ல நடந்து வந்து, பழகிப் பழகி வச்சிருந்த ஸ்பானிஷ் வார்த்தைய சொன்னாரு: "உன் மொமெந்தித்தோ, செஞோர்", அதாவது ஒரு நிமிஷம் ஐயா. ஐக்மன் ஒரு அடி பின்னால வச்சான், இவரு பாஞ்சாரு, ரெண்டு பேரும் ரோட்டோர பள்ளத்துல உருண்டாங்க. ஐக்மன் போட்ட அலறல அவங்க சாகுற வரைக்கும் மறக்கல. பாக்கெட்ல துப்பாக்கி இல்ல.

கார்ல அசையாம இருன்னு அஹரோனி ஜெர்மன்ல சொன்னதும், "என் விதிய நான் ஏத்துக்கிட்டேன்"னான். டீம் வச்சிருந்த ரகசிய வீட்டுக்கு கொண்டு போய் பேர் கேட்டா க்ளெமெண்ட்ங்கறான், அப்புறம் ஒளிஞ்சிருந்த காலத்துல வச்சிருந்த இன்னொரு பேர சொல்றான், எஸ்.எஸ் நம்பர கேட்டதும் 45326ன்னு சரியா ஒப்பிச்சுட்டு, கடைசில அடோல்ஃப் ஐக்மன்னு ஒத்துக்கிட்டான்.

அவன பிடிச்ச அந்த ராத்திரிய விட அடுத்த ஒம்பது நாள் தான் எனக்கு பெருசா தெரியுது. ஏன்னா ஃபிளைட் உடனே கிடையாது, அர்ஜென்டினாவோட 150ஆவது ஆண்டு விழாவுக்கு இஸ்ரேல் தூதுக்குழுவ ஏத்திட்டு வர்ற எல் ஆல் விமானம் தான் திரும்பிப் போறப்ப இவன கொண்டு போகணும். அது வரைக்கும் அந்த வீட்ல ஒரு கட்டில், ஒரு கால் கட்டிலோட சங்கிலில, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாத கண்ணாடி, பைஜாமா. யாராவது மாத்தி மாத்தி கூடவே இருக்கணும். அவனுக்கு சாப்பாடு ஊட்டணும், ஷேவ் பண்ணி விடணும், பாத்ரூமுக்கு கூட்டிட்டுப் போகணும், தற்கொலை பண்ணிக்காம பாத்துக்கணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உங்க வீட்டுக் கொழந்தைங்க சாவுக்கு காரணம்னு நீங்க நினைக்கிறவனோட கன்னத்துல சோப்பு தடவி, அவன் தொண்டைப் பக்கம் பிளேடு வச்சு, ஒரு கீறல் கூட விழாம வழிச்சு விடணும். பதுங்கிப் பாயறத விட இது கஷ்டம். டீம்ல பல பேருக்கு மனசு கனத்துப் போய், வீடே சாவு வீடு மாதிரி ஆயிடுச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. ஏன்னா அவங்க எதிர்பாத்தது ஒரு ராட்சசன, கிடைச்சவன் ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டுக்கிட்டு நடுங்கற ஒரு ஒல்லிப்பிச்சான். இவனா அவன், இவன் கையாலயா அவ்வளவும் நடந்துச்சுன்னு.

அஹரோனிய தவிர யாரும் அவன்கூட பேசக் கூடாதுன்னு உத்தரவு. மால்கின் அத மீறினாரு. ராத்திரி காவல்ல இருக்கறப்ப மெதுவா பேச்சுக் கொடுத்தாரு, அவருக்கு ஒரு பதில் வேணும், எப்படி முடிஞ்சுது உன்னாலன்னு. ஐக்மன் தன் சின்னப் பையன பத்தி பாசமா பேசினப்ப, மால்கின் தன் அக்கா பையன பத்தி சொல்லியிருக்காரு: அவனும் உன் பையன் மாதிரியே, அதே தலமுடி, அதே கண்ணு, அவன நீங்க கொன்னுட்டீங்க. அதுக்கு ஐக்மன் ஒண்ணும் புரியாத மாதிரி, ஆமா, ஆனா அவன் யூதன் தானேன்னு கேட்டானாம். அடிக்கணும்னு கத்தணும்னு தோணாம எழுந்து வெளிய போயிட்டாருன்னு படிச்சப்ப புத்தகத்த மூடி வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இந்த ராத்திரிப் பேச்சுக்கு மால்கினோட வார்த்தை தான் சாட்சி, இஸ்ரேல்ல விசாரணைக்கு வர சம்மதம்னு ஐக்மன்கிட்ட கையெழுத்து வாங்கினது நான் தான்னு மால்கினும் சொன்னாரு, அஹரோனியும் சொன்னாரு, கடைசி வரைக்கும் அந்த சண்டை தீரல. அதனால அவரு சொன்ன ஒவ்வொரு வரியையும் அப்படியே கோர்ட் ரெக்கார்டா எடுத்துக்காதீங்க. ஆனா அந்த ராத்திரிங்கள்ல அவரு வரைஞ்ச படங்க இருக்கு. பேப்பர் இல்லாம, தென் அமெரிக்க டூரிஸ்ட் கைடு புத்தகத்தோட அச்சடிச்ச பக்கங்க மேலயே, மாறுவேஷத்துக்கு கொண்டு வந்த மேக்கப் பென்சில வச்சு ஐக்மன் மூஞ்சிய வரைஞ்சிருக்காரு. இழப்புக்கு ஒரு மூஞ்சி இல்லாம வளந்த மனுஷன் ராத்திரி ராத்திரியா உக்காந்து அந்த மூஞ்சிய வரைஞ்சு பாத்திருக்காரு.

மே 20 ராத்திரி மருந்து கொடுத்து, விமான ஊழியர் டிரஸ் மாட்டி, குடிச்சிட்டு தள்ளாடுற சிப்பந்தி மாதிரி ஏர்போர்ட்ட தாண்டி ஏத்தினாங்க. டாகார் வழியா போய் 22ஆம் தேதி இஸ்ரேல்ல இறங்குச்சு. 23ஆம் தேதி இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் பார்லிமெண்ட்ல அறிவிச்சாரு. இன்னொரு நாட்டுக்குள்ள புகுந்து ஆள கடத்தினது சட்டப்படி தப்பு தான், அர்ஜென்டினா ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போச்சு, சபையும் ஜூன்ல இறையாண்மைய மீறினதுன்னு தீர்மானம் போட்டுச்சு. நான் அத மறைச்சுப் பேச விரும்பல. ஆனா சட்டப்படி நாடு கடத்தக் கேட்டிருந்தா மறுநாளே அவன் காணாமப் போயிருப்பான்ங்கறதும் உண்மை, அதே நாட்டுல முன்னாடி இருந்த, ஆஷ்விட்ஸ் கைதிங்க மேல கொடூர சோதனை பண்ண நாஜி டாக்டர் மெங்கலேய இந்த டீம் தேடிப் பாத்தும் கிடைக்காம, அவன் 1979ல பிரேசில்ல கடல்ல குளிக்கறப்ப சாகுற வரைக்கும் எந்த கோர்ட்டையும் பாக்கல.

மால்கின் இத வெளிய சொல்ல முடியாது, வேலை அப்படி. பெத்த அம்மாகிட்ட கூட வருஷக்கணக்கா சொல்லல. அவங்க சாகுற தறுவாயில ஆஸ்பத்திரில பக்கத்துல உக்காந்து தான் சொன்னாரு: அம்மா, ஐக்மன பிடிச்சது நான் தான், ஃப்ரூமாவுக்கு பழி தீந்துருச்சு, அவ தம்பியே தான் அவன பிடிச்சான்.

மால்கினோட கதை இதோட முடிஞ்சாலும் கேள்விக்கு பதில் முடியல, ஏன்னா பிடிச்சப்புறம் விசாரிச்சவங்களும் இதே மாதிரி ஆளுங்க தான். இஸ்ரேல் போலீஸ்ல இந்த கேஸுக்குன்னே பீரோ 06ன்னு தனிப் பிரிவு. அங்க ஐக்மன உக்கார வச்சு 275 மணி நேரம் விசாரிச்சவரு ஆவ்னர் லெஸ், பெர்லின்ல பொறந்தவரு, அவரு அப்பாவ ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்னுட்டாங்க. அந்த மனுஷன் குரல உசத்தாம, சிகரெட் கொடுத்து, பேச விட்டு, 3,564 பக்கம் வாக்குமூலம் எடுத்தாரு. ஒரு தடவை அப்பா பத்தி தெரிஞ்சதும் ஐக்மன், ஐயோ அது கொடுமையாச்சேன்னானாம்.

இன்னொருத்தர் மைக்கேல் கோல்ட்மன் கிலாட். போர் வந்தப்ப சின்னப் பையன். அப்பா அம்மாவையும் பத்து வயசு தங்கச்சியையும் ரயிலேத்திட்டாங்க. இவருக்கு போலந்துல ஷெமிஷல் ஊர்ல யூதங்கள அடைச்சு வச்சிருந்த கெட்டோவுல எண்பது சாட்டையடி, பொழைச்சது பெரிசு, அப்புறம் ஆஷ்விட்ஸ். போருக்கப்புறம் இஸ்ரேல் வந்து சொந்தக்காரங்ககிட்ட சொன்னா, எண்பது அடி வாங்கி யாராவது பொழைப்பாங்களா, நீயா கற்பனை பண்றேன்னுட்டாங்க. அந்த நம்பாத பார்வை தான் எண்பத்தோராவது அடின்னு சொல்வாரு. பல வருஷம் வாயத் திறக்கல, போலீஸ்ல சேந்துட்டாரு. 1961 விசாரணைல டாக்டர் ஒருத்தர் சாட்சிக் கூண்டுல ஏறி, ஒரு பையன எண்பது அடி அடிச்சத நான் பாத்தேன்னு சொன்னப்ப, அரசு வக்கீல் கிடியோன் ஹவுஸ்னர், அந்தப் பையன் இந்த ஹால்ல இருக்கானான்னு கேட்டாரு. டாக்டர் கைய நீட்டினது ஹவுஸ்னருக்குப் பக்கத்துல போலீஸ் யூனிஃபார்ம்ல உக்காந்து ஃபைல் எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்த கோல்ட்மன.

1961 டிசம்பர்ல மரண தண்டனை, 1962 மே 31 நள்ளிரவ ஒட்டி ராம்லா ஜெயில்ல தூக்கு. உடம்ப எரிச்சு, சாம்பல கடல் எல்லைக்கு வெளிய கொண்டு போய் கரைச்சாங்க, எந்த மண்ணுலயும் இடம் கிடையாதுன்னு. சாட்சிக்கு அந்த போலீஸ் படகுல போனவங்கள்ல கோல்ட்மனும் ஒருத்தர். ஒரு மனுஷன எரிச்சா இவ்வளவு கொஞ்சமா தான் சாம்பல் வருமான்னு அவருக்கு அன்னைக்கு தான் தெரிஞ்சுதாம். ஆஷ்விட்ஸோட பாகமான பிர்கெனாவுல பனிக்காலத்துல காவலுக்கு நடக்குற எஸ்.எஸ் ஆளுங்க வழுக்கி விழாம இருக்க, பாதைல சாம்பல் கொட்டச் சொல்லி இவரையும் மத்தவங்களையும் வேலை வாங்கியிருக்காங்க. அங்க அள்ளி அள்ளிக் கொட்டின அந்த மேடு எத்தன பேரா இருந்திருக்கும்னு படகுல நின்னுக்கிட்டு அவரு யோசிச்சிருக்காரு.